எட்டு மில்லிமீட்டர்

செருப்பை உள்ளயே விடுங்க தம்பி. வெளிய விட்டா எதுத்த வீட்டு நாய் தூக்கீட்டுப் போயிரும். நீங்கதான பாலக்காட்டுல இருந்து வர்ற ஆர்மோனியக்காரர்? சொன்னா வீட்டுக்காரி. நேத்தே சொல்லீட்டா. ‘ஏனுங்க, நாளைக்கு ரிப்பேருக்கு ஆள் வருது, நான் பெண்கள் கூட்டத்துக்குப் போயிட்டு நாலு மணிக்குத்தான் வருவேன், வந்தவங்ககிட்டச் சண்டை போடாதீங்க’ன்னு. நான் எதுக்குங்க சண்டை போடறேன்? முப்பத்தெட்டு வருஷம் ஃபவுண்டரியில இருந்தேன், ஒரு ஆளை ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்ல வேண்டிய ஆளுகளை மட்டுந்தான் சொல்லியிருக்கேன்.

அந்தச் சேர் வேண்டாம், அதுல பசை காயாம இருக்கு. இதுல உட்காருங்க. ஃபிளாஸ்க்குல டீ போட்டு வெச்சுட்டுப் போயிருக்கா, ஊத்தறேன்.

நீங்க எதைத் தேடறீங்கன்னு தெரியுது. ஆர்மோனியம் அதா, அந்த மூலையில, மேல போர்வை போட்டிருக்கே. காலால மிதிச்சுக் காத்து ஊதற பழைய ஆர்மோனியம். உள்ள காத்துப்பை கிழிஞ்சிருக்கு, அது உங்க வேலை. ஆனா கீபோர்டு அதுல இல்ல. கீபோர்டு இதுக்குள்ள இருக்கு. ஆமா, ஹாலை அடைச்சுக்கிட்டு ஏழடி நீளத்துக்கு நிக்குதே, இந்தப் பொட்டிக்குள்ள. இதுல இருந்து கழட்டி அதுல மாட்டோணும்னுதான உங்களை வரச் சொல்லியிருக்கா? மாட்டலாம். தாராளமா மாட்டலாம். அதுக்கு முன்னாடி யார் மேல தப்புன்னு நீங்க தெரிஞ்சுக்கோணும். ஒரு பக்கத்து நாயத்தை மட்டும் கேட்டுட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக்கூடாதுல்லீங்க.

இதுக்குப் பேரு ஹார்ப்சிகார்டு. கேள்விப்பட்டதில்லையா? சரிதான், கோயமுத்தூர்லயும் எவனும் கேள்விப்பட்டதில்ல. பியானோவுக்குத் தாத்தன்னு வெச்சுக்குங்க. பியானோவுல கட்டையை அமுத்துனா உள்ள ஒரு சுத்தியல் போய்க் கம்பியை அடிக்கும். இதுல அடி கிடையாது. கட்டையோட வால் ஒரு குச்சியை மேல தூக்கும், குச்சியில சின்னதா ஒரு நகம் இருக்கும், அது வீணை மீட்டற மாதிரி கம்பியை மீட்டீட்டு எறங்கும். அவ்வளவுதான். அறுபத்தோரு கட்டை, அறுபத்தோரு குச்சி, அறுபத்தோரு கம்பி. பியானோன்னா உள்ள இரும்புச் சட்டம் ஊத்தோணும். இதுக்கு அது வேண்டாம். முழுக்க மரம். அதைக் கேட்டதுந்தான் எனக்குப் பித்துப் பிடிச்சுது.

ஏன்னு கேளுங்க. நான் பேட்டர்ன் மேக்கர். பீளமேட்டுல வந்து பேட்டர்ன் சத்தியநேசன்னு கேட்டா இன்னிக்கும் வழி சொல்லுவாங்க. ஒரு பம்ப்பு உடம்பை இரும்புல ஊத்தோணும்னா, மொதல்ல அதே உருவத்துல மரத்துல ஒண்ணு செய்யோணும். அதை மண்ணுல பதிச்சு எடுத்துட்டு, அந்தக் குழியில இரும்பை ஊத்துவாங்க. மரத்துல செய்யறவன் நான். ஊத்தி முடிச்சதும் இரும்பு ஊர் ஊராப் போகும், மேல கம்பெனிப் பேரு இருக்கும். நான் செஞ்ச மரம் ஷெட்டுக்குப் போகும், கரையான் தின்னும். ரிட்டயர்டு ஆகி வீட்டுக்கு வந்து சுத்திப் பார்க்கறேன், முப்பத்தெட்டு வருஷம் மரத்துலயே கை வெச்சவன் வீட்டுல, நான் செஞ்சதுன்னு சொல்ல ஒரு ஸ்டூல் இல்ல. நீங்க உட்கார்ந்திருக்கறதுகூடக் கடையில வாங்குனது. ஒரே ஒரு சாமான், மரத்துல செஞ்சு மரமாவே நிக்கறது, எனக்குன்னு ஒண்ணு வேணும்னு ஆசைப்பட்டேன். அது தப்புங்களா?

அப்பத்தான் என்ற அக்கா பையன் எட்வின், ஜெர்மனியில இருக்கறான், ஒரு படம் அனுப்புனான். அங்க ஒரு ரிட்டயர்டு தபால்காரர் அவரோட கார் ஷெட்டுல இதைச் செஞ்சிருக்கார். தபால்காரரே செய்யும்போது நான் செய்ய மாட்டனா? பிளான் அனுப்புடான்னேன். அனுப்புனான்.

அதே வாரத்துல சுகிர்தத்தோட ஆர்மோனியம் காத்து விட ஆரம்பிச்சுது. சுகிர்தம்னா என்ற சம்சாரம், நீங்க போன்ல பேசுன ஆளு. ஆர்மோனியம் அவளோட வந்த சீரு. அவ அப்பா தாராபுரத்துல வாத்தியார். பீரோ குடுக்க முடியாது, இது இருக்குன்னு அனுப்பி வெச்சார். சர்ச்சுல இருபத்தொன்பது வருஷம் இவதான் ஆர்கன் வாசிச்சா. அப்புறம் அங்க கரண்ட்டுல வாசிக்கறது ஒண்ணு வாங்குனாங்க, இனிச் சின்னவங்க பார்த்துக்கட்டும், நீங்க ஓய்வெடுங்க அக்கான்னு சொல்லீட்டாங்க. வீட்டுலதான் இது இருக்குதேன்னு அவ, சாயங்காலம் ஆறு மணி ஆனா உட்கார்ந்துருவா. அரை மணி நேரம், ஒரு நாள் விடமாட்டா. நானும் கேட்டுட்டுத்தான் இருப்பேன். கேக்காம எங்க போறது, ஒரே ஹாலு.

காத்து விடுதுன்னதும் அவ என்ன சொன்னா, யாராவது ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பையை மாத்திக்கலாம், ரெண்டு நாள் வேலைதானாம்னா. நான் சொன்னேன், அறுபது வருஷத்துச் சாமானுக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு இருப்பியா, நான் உனக்குப் புதுசாவே ஒண்ணு செஞ்சு தர்றேன், ராஜா வீட்டுச் சாமான்னேன். அவ அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பார்த்துட்டு, “எனக்கு இது போதுங்க”ன்னா.

அவ எப்பவுமே அப்படித்தான் தம்பி. சேலை எடுக்கப் போனாலும் போதும், சோறு போட்டாலும் போதும். அதையெல்லாம் காதுல வாங்கீட்டு இருந்தா ஒரு மனுசன் ஒரு காரியம் செய்ய முடியுங்களா?

இதுல பெரிய சோலி கட்டை செய்யறதுதான். அறுபத்தொண்ணு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கோணும், மேல எலும்புத் தகடு ஒட்டோணும். ஆர்மோனியத்துல இருக்கறது அருமையான கட்டை, அதை எடுத்து இதுல போட்டுட்டா பாதி வேலை முடிஞ்சுதுன்னு எட்வின்கூடச் சொன்னான். கீபோர்டு அகலம் உலகம் பூரா ஏறக்குறைய ஒண்ணுதானாம், பிளான்லயும் எண்ணூத்து நாப்பது எம்.எம். எப்படியும் ஆர்மோனியம் வாசிக்கற நிலையில இல்ல. கழட்டீட்டேன். ஆறு மாசம்னு சொன்னேன் அவகிட்ட.

நாலு வருஷம் ஆச்சு. அதுக்கு நானா காரணம்? மொத வருஷம் மரம் கிடைக்கல. மேல் பலகைக்கு லேசான மரம் வேணும், நம்ம தேக்கு ஆகாது, சத்தம் உள்ளயே அடங்கிப் போகும். கடைசியில, வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டியை ஒடைச்ச பலகை, பைன் மரம், அதை எடுத்து மூணு எம்.எம்.முக்கு இழைச்சேன். கையாலயே இழைச்சேன். ரெண்டாவது வருஷம் ஐப்பசி மழையில அது பப்படம் மாதிரி வளைஞ்சுது. தூக்கிப் போட்டுட்டு மறுபடி இழைச்சேன். சுகிர்தம் அந்த மழையிலயும் துணியை இங்க ஹால்லதான் காயப் போடறா. ஈரம் ஆகாதும்மான்னு எத்தனை தடவை சொல்றது? வேற எங்கீங்க காயப் போடறதுன்னு கேக்கறா. மாடியில என்ற கட்டிங் மெஷின் இருக்குதுல்ல, அங்க போட முடியாதுதான், அதுக்காக?

மூணாவது வருஷம் காக்கா இறகு. சிரிக்காதீங்க. அந்த நகம் இருக்குதுல்ல, கம்பியை மீட்டறது, அதைப் பழைய காலத்துல காக்கா இறகோட தண்டுல சீவித்தான் செஞ்சிருக்காங்க. பிளாஸ்டிக்லயும் கிடைக்கும், நான் வேண்டாம்னுட்டேன், செஞ்சா முறையாச் செய்யோணும். பக்கத்து வீட்டு மயிலாத்தா அமாவாசைக்கு அமாவாசை மாடியில காக்காய்க்குச் சோறு வெப்பாங்க. நான் போய் அங்க நின்னுக்குவேன். அவங்க நாலு அமாவாசை பொறுத்துப் பார்த்தாங்க. அஞ்சாவது அமாவாசைக்கு சுகிர்தத்தைக் கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரர் நிக்கறதால எங்க முன்னோருக யாரும் வர்றதில்லைன்னு சொல்லீட்டாங்க. வீட்டுக்கு வந்து சுகிர்தம் விழுந்து விழுந்து சிரிக்கறா. எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு நாள் பேசல.

இன்னொண்ணு கேளுங்க. நான் அளவு எடுத்துட்டு இருப்பேன், பென்சில் முனை நடுங்கக்கூடாத நேரம், சமையல்கட்டுல டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்கும். போய்ப் பார்த்தா, குக்கரை அடுப்புல வெச்சுட்டு மேஜையில ரெண்டு கையாலயும் தட்டிக்கிட்டு இருக்கா. பத்து விரலும் ஓடுது. கண்ணை மூடிக்கிட்டு இருக்கா. என்னம்மா இதுன்னா, ஒண்ணுமில்லீங்க, விரல் மறந்துரும்கறா. ஆறு மணி ஆனா போதும், இந்தத் தட்டு ஆரம்பிச்சுரும். மனுசனுக்கு வேலையில கவனம் வேண்டாமா? நான் சொன்னதுக்கு அப்புறம் மேஜை மேல ஒரு துண்டை மடிச்சுப் போட்டுக்கிட்டா, சத்தம் கேக்கல. அது வரைக்கும் நல்லவதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன தை மாசம் எல்லாம் முடிஞ்சுது. பொட்டி முடிஞ்சுது, கம்பி கட்டியாச்சு, குச்சிக நிக்கறதுக்கு ஓட்டை ஓட்டையா ஒரு நீளச் சட்டம் செஞ்சு, அறுபத்தோரு குச்சியும் எறக்கியாச்சு. கீபோர்டை உள்ள தள்ளி, சுகிர்தத்தைக் கூப்பிட்டு உட்கார வெச்சேன். அவ கையைக் கழுவிட்டு வந்தா. சேலையில தொடைச்சுட்டு உட்கார்ந்தா. இடது கைப் பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணா அமுத்தச் சொன்னேன்.

அப்படி ஒரு சத்தம் தம்பி. வெள்ளிச் சலங்கை உதறுன மாதிரி. என்ற கையால செஞ்ச மரத்துல இருந்து அப்படி ஒரு சத்தம். அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. அந்தப் பார்வை ஒண்ணுக்கே நாலு வருஷமும் தகும்னு நினைச்சேன். மேல போனா, மேல போனா. நடுவுக்கு வந்ததும் சத்தம் சித்தே கம்முச்சு. அதைத் தாண்டுனா, ஒரு கட்டை அமுத்துனா பக்கத்துக் குச்சியும் எந்திரிக்குது. கடைசிப் பக்கம் வந்தப்ப ஒண்ணை அமுத்துனா ரெண்டும் சேர்ந்து கத்துது, இல்லாட்டி ஒண்ணுமே பேசல. கட்டையோட வால் குச்சிக்கு நேரா இல்ல, ரெண்டு குச்சிக்கு நடுவுல போய் நிக்குது.

என்ற ஸ்கேலை எடுத்தேன். ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல், மொத வருஷம் வேலைக்குச் சேர்ந்தப்ப வந்தது, சுகிர்தம் அதுக்குத் துணியில உறை தெச்சுக் குடுத்திருக்கா. குச்சிச் சட்டத்தை அளந்தேன், எண்ணூத்து நாப்பது, பிளான்ல இருக்கற மாதிரி அச்சு அசலா. கீபோர்டை அளந்தேன், எண்ணூத்து முப்பத்திரண்டு. எட்டு எம்.எம். குறையுது. இனி யார் மேல தப்பு, நீங்களே சொல்லுங்க? அறுபது வருஷத்து மரம், காஞ்சு சுருங்கீட்டுது. நான் சொன்னேன், உங்கப்பா சீராக் குடுத்தது அரைகுறை மரத்துல செஞ்சது, அதான் இப்படின்னேன். சொல்லியிருக்கக்கூடாது, சொல்லீட்டேன்.

அவ எந்திரிச்சுப் போய் தையல் மெஷின்ல இருந்து இஞ்சு டேப்பை எடுத்துட்டு வந்தா. அதுல ஒரு பக்கம் சென்டிமீட்டர் இருக்கும்ல. ரெண்டையும் அளந்தா. “கீபோர்டு எம்பத்தி நாலு சரியா இருக்குதுங்க. நீங்க செஞ்சதுதான் எம்பத்தி நாலே முக்காலுக்கு மேல வருது”ன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? முப்பத்தெட்டு வருஷத்துல நான் செஞ்ச ஒரு பேட்டர்ன் அளவுல ரிஜெக்ட் ஆனதில்ல. ஜாக்கெட் தைக்கற டேப்பைக் கொண்டாந்து என்ற ஸ்கேலுக்கு மேல வெக்கறா. துணி டேப்பு இழுத்தா நீளும், விட்டாச் சுருங்கும், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்னு சொல்லீட்டேன். அவ டேப்பைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டா.

நான் சரி பண்றேன்னு எறங்குனேன். கட்டைகளோட வாலை அறுத்துட்டு, சித்தே சாய்ச்சு வேற வால் ஒட்டுனா குச்சிக்கு நேரா வந்துரும். கடைசியில இருந்து ஆரம்பிச்சேன். மறுநாள் சாயங்காலம் அவ காப்பி கொண்டாந்தப்ப மேஜையில அறுத்த வாலெல்லாம் வரிசையா இருக்கு. எத்தனைன்னு கேட்டா. இருபத்திமூணுன்னேன். காப்பியை வெச்சா. “மிச்சத்தை அறுக்காதீங்க”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை போட்டிருப்பேன், முடிஞ்சிருக்கும். அவ போடல. நானும் ரம்பத்தைக் கீழ வெச்சுட்டேன்.

இந்தாங்க, பிஸ்கட் டின்னு. அறுத்த வால் இருபத்திமூணும் இதுல இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்கேன் பாருங்க, எதையும் நான் தூக்கிப் போடல. மறுபடி ஒட்ட முடியுங்களா? வாங்கிப் பாருங்க. வெளிச்சத்துல பாருங்க. ம். நாலஞ்சு மட்டும் புதுசாச் செய்யோணுமா? ரம்பம் தின்ன இடம் குறையுமே, அதுக்கு நடுவுல மெல்லிசாத் தகடு வெச்சுக்கலாம், இல்லீங்களா? சரி. சரி தம்பி. நீங்க சொன்னா சரி.

மீதியையும் சொல்லீர்றேன். இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

குச்சிக மேல துள்ளி விழாம இருக்கறதுக்கு, குச்சிச் சட்டத்துக்கு மேல ஒரு பித்தளைப் பட்டை வேணும். போன மாசம் ராஜ வீதியில ஒரு கடைக்குப் போய் எண்ணூத்து நாப்பது வெட்டித் தாங்கன்னேன். வெட்டித் தந்தாங்க. உறையில இருந்து ஸ்கேலை எடுத்து வெச்சுப் பார்த்தா எண்ணூத்து முப்பத்திரண்டு. அங்கயும் எட்டு குறையுது. அப்பக்கூட எனக்கு உறைக்கல தம்பி. உங்க கடையில அளவே சரியில்லையா, ஊரையே இப்படித்தான் ஏமாத்தறீங்களான்னு சத்தம் போட்டேன். ஏழெட்டுப் பேர் நிக்கறாங்க. கடைக்காரர் கோவிச்சுக்கல. அவர் ஸ்கேலைக் கொண்டாந்து என்ற ஸ்கேலுக்குப் பக்கத்துல, ஒட்டுனாப்புல, வெச்சார். ஆரம்பத்துல ரெண்டும் ஒண்ணுதான். முப்பதாவது சென்டிமீட்டர்ல மூணு எம்.எம். தள்ளி நிக்குது. கடைசியில பத்து எம்.எம். என்ற ஸ்கேல் பெருசு.

கடைக்காரர் மெதுவா, “ஐயா, இது ஃபவுண்டரி ஸ்கேலுங்க”ன்னார்.

உங்களுக்குப் புரியாது, சொல்றேன். இரும்பை உருக்கி ஊத்துறப்ப பெருசா இருக்கும், ஆறுனாச் சுருங்கும். மீட்டருக்குப் பத்து எம்.எம். அதுக்காக மரத்துல செய்யறதை அந்த அளவு பெருசாச் செய்யோணும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுட்டு இருக்க முடியாதுன்னு, ஸ்கேலையே ஒரு சதம் பெருசா அடிச்சுக் குடுத்திருப்பாங்க. கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல்னு பேரு. பேட்டர்ன் ஷாப்புல எல்லார் கையிலயும் அதுதான். முப்பத்தெட்டு வருஷமா வேற ஸ்கேலை நான் தொட்டதே இல்ல. பிளான் கைக்கு வந்ததும் பலகையை விரிச்சேன், அந்த ஸ்கேலை எடுத்தேன், கோடு போட்டேன். கை அப்படித்தான் போகும். ஆறிச் சுருங்கப் போறது இரும்பு. இது மரம். இது எங்க ஆறப் போகுது?

பட்டையைக்கூட வாங்காம வந்துட்டேன். ராஜ வீதியில இருந்து பீளமேடு வரைக்கும் வெயில்ல நடந்தே வந்தேன். வழியெல்லாம் ஒண்ணுதான் ஓடுது. கட்டையையும் நானே செஞ்சிருந்தா, அதுவும் அந்த ஸ்கேல்லதான் வந்திருக்கும், எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கச்சிதமாப் பொருந்தியிருக்கும், பொட்டி நூத்துக்கு ஒண்ணு பெருசுன்னு ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. இதுக்குள்ள சரியான அளவு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், அது அவளுது. நான் அதை அறுத்தேன். வெக்கமா இருந்துது தம்பி. லட்சுமி மில்லு பக்கத்துல வந்தப்ப அழுகையே வந்துருச்சு, சொல்றதுக்கென்ன.

வீட்டுக்கு வந்தா பித்தளை கிடைக்கலையான்னு கேட்டா. கடை லீவுன்னேன்.

ஒரு மாசம் ஆச்சு. சொல்லோணும், சொல்லோணும்னுதான் இருக்கேன். சாப்பிட உட்காரும்போது சொல்லலாம்னு இருப்பேன், சோத்தைப் பார்த்ததும் நாளைக்குன்னு தோணும். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல நான் தப்புப் பண்ணீட்டேன்னு ஒரு தடவை சொன்னதில்ல தம்பி. தப்பே பண்ணாததனால சொல்லலைன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

கீபோர்டை எடுத்துக்குங்க. ஆறு ஸ்க்ரூதான், இந்தாங்க, நானே கழட்டித் தர்றேன். அப்படிப் பிடிங்க, அந்தப் பக்கம் தூக்குங்க. வந்துருச்சு. அதோட இடத்துல போடுங்க. இந்தப் பொட்டிக்கு நான் வேற கட்டை செஞ்சுக்குவேன், செய்யாட்டியும் போகுது. அவளுக்கு ஆறு மணிக்கு உட்கார ஒரு இடம் வேணும்.

எனக்கு ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. அவ வந்ததும் உங்ககிட்டத்தான் கேப்பா. நீங்க ஆர்மோனியத்துலயே ஊறுன ஆளு, நீங்க சொன்னா நம்புவா. ‘ஐயா சொன்னது சரிதாங்க, பழைய மரம், கீபோர்டு கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கு, நான் சரி பண்ணித் தர்றேன்’னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. யாருக்கும் நட்டமில்ல பாருங்க. அவளுக்கு ஆர்மோனியம் வந்துரும், எனக்கு…

என்னங்க, டீயைக் கீழ வெச்சுட்டீங்க?

என்ன சொன்னீங்க?

அவளா சொன்னா? போன்லயா? சித்தே இருங்க, எனக்குக் காது சரியா… நீங்க மொதல்ல இருந்து சொல்லுங்க, மெதுவாச் சொல்லுங்க. ‘எங்க வீட்டுக்காரர் கேட்டா, கீபோர்டுதான் சுருங்கியிருக்குதுன்னு சொல்லீருங்க’ன்னு அவளே சொன்னாளா? ஏன் அப்படின்னு நீங்க கேக்கலையா? கேட்டீங்களா? என்ன சொன்னா?

‘அவருக்கே தெரிஞ்சு போச்சு, அவர் வாயால அதைச் சொல்ல வெக்க வேண்டாம்’னா.

ஒரு மாசமாத் தெரியுமா? எப்படித் தெரியும், நான் ஒண்ணும்… ஸ்கேலா? அலமாரியில சட்டைக்கு அடியிலயா? கடவுளே. வரும்போது வழியில ஒரு புது ஸ்கேல் வாங்கீட்டு வந்தேன் தம்பி, சாதா ஸ்கேல். ஒளிச்சுத்தான் வெச்சேன். சட்டையை மடிச்சு வெக்கறது அவதான்னு எனக்கு நினைப்பே வரல.

ஒரு மாசமாச் சோறு போட்டிருக்கா. ஒண்ணுமே தெரியாத மாதிரி, கடை திறந்திருந்துதாங்கன்னு இன்னொரு தடவைகூடக் கேக்கல. ஞாயித்துக்கிழமைப் பள்ளியில பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கறவ தம்பி அவ. எனக்காக ஒரு வெளியூர் ஆள்கிட்டப் பொய் சொல்லச் சொல்லியிருக்கா, பாருங்க.

கேட் சத்தம் கேக்குது. அவதான், கொக்கியை அப்படித்தான் ரெண்டு தடவை தட்டுவா.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவ சொல்லச் சொன்னதும் வேண்டாம், நான் சொல்லச் சொன்னதும் வேண்டாம். பின்னாடி பைப்பு இருக்கு, சோப்பும் அங்கயே இருக்கும், கையெல்லாம் தூசியா இருக்கு, போய்க் கழுவீட்டு வாங்க. அவசரம் ஒண்ணுமில்ல. மெதுவாவே கழுவுங்க.